முதல் குரோஷா உறி: செடித்தொட்டியைத் தொங்கவிட வீட்டிலேயே பின்னுவது எப்படி

குரோஷா ஊசியைக் கையில் எடுத்ததும் பெரும்பாலானவர்கள் பின்ன ஆசைப்படுவது மேசை விரிப்பு, இல்லையென்றால் குழந்தைக்கு ஒரு தொப்பி. இரண்டுமே முதல் வேலைக்கு ஆகாது என்பது என் கட்சி. விரிப்புக்கு நூல் மெல்லியது, கண் வலிக்கும், பாதியில் அலமாரிக்குள் போய்விடும். தொப்பி அளவு தப்பினால் யார் தலைக்கும் உதவாது. செடித்தொட்டிக்கான உறி அப்படியில்லை. தடித்த கயிறு, பெரிய ஊசி, நாலே நாலு வகைத் தையல், அங்கங்கே கோணலாக வந்தாலும் தொட்டியை உள்ளே இறக்கியதும் அதன் கனமே இழுத்து நேராக்கிவிடும். மேலே மணி பிளான்ட் நாலு கொடி வழிந்துவிட்டால் மீதிக் கோணலும் யார் கண்ணுக்கும் தெரியாது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் உறி கறார். அது எடை. அழகாகப் பின்னிவிட்டு, கடைசியில் மேலே ஒரு முடிச்சைப் போட்டு, சன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் போனால் முதல் முறை தண்ணீர் ஊற்றிய அன்றே தொட்டி தரைக்கு வந்துவிடலாம். அதனால் நாம் கயிறு வாங்குவதற்கு முன்பே தொட்டியை எடை போடப் போகிறோம்.

தொட்டியிலிருந்து தொடங்குங்கள்

இந்தக் கட்டுரை 6 அங்குல பிளாஸ்டிக் தொட்டியை வைத்து எழுதியது. வாய் அகலம் சுமார் 15 செ.மீ., அடி அகலம் 10 அல்லது 11 செ.மீ., உயரம் 13 செ.மீ. வாக்கில் இருக்கும், நர்சரியில் சாதாரணமாகக் கிடைப்பதுதான். முக்கியமாகப் பார்க்க வேண்டியது, தொட்டி கீழே குறுகி மேலே அகன்றிருக்க வேண்டும், வாய் ஓரத்தில் ஒரு தடித்த விளிம்பும் இருந்தால் நல்லது. நேர் உருளையாக இருக்கும் தொட்டியும் உறியில் நிற்கும், ஆனால் அதைப் பிடித்துக்கொள்ளச் சரிவு கிடையாது, எல்லாப் பாரமும் அடிவட்டத்தின் மேல்தான் விழும்.

செடியோடு தொட்டிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு, வடிந்து நின்றதும், சமையலறைத் தராசில் வையுங்கள். காய்ந்த மண்ணை எடை போட்டுவிட்டு ஒன்றரைக் கிலோதானே என்று நினைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை, ஏனென்றால் உறி சுமக்கப் போவது ஈர மண்ணை. இந்த அளவுத் தொட்டி, சாதாரண தோட்ட மண் போட்டால், ஈரத்தோடு கிட்டத்தட்ட 2 கிலோவிலிருந்து இரண்டரைக் கிலோ வரை வரும். தேங்காய் நார்க்கழிவு பாதியும் மண்புழு உரமும் கலந்து போட்டால் நன்றாகவே குறையும். தொங்கவிடும் தொட்டிக்கு நான் எப்போதும் அந்தக் கலவையைத்தான் சொல்வேன். மண் தொட்டியென்றால் தொட்டியின் கனமே தனியாகச் சேரும், முதல் உறிக்கு அது வேண்டாம்.

செடியைப் பொறுத்தவரை, தொங்கி வழிகிற எதுவும் சரி. நிழலுக்கு மணி பிளான்ட், ஸ்பைடர் பிளான்ட், வெயில் அடிக்கும் பால்கனிக்கு டேபிள் ரோஸ். நிமிர்ந்து உயரமாக வளரும் செடியை உறியில் வைத்தால் பாரம் மேலே ஏறிக் காற்றுக்குச் சாயும், பக்கவாட்டுக் கயிறுகளும் இலையை மடக்கிக்கொண்டே இருக்கும்.

கயிறும் ஊசியும்

கடையில் மக்ரமே கயிறு என்று கேளுங்கள், பருத்தியில், 3 மி.மீ. தடிமனில். அதிலேயே மூன்று தினுசு உண்டு. ஒரே இழையாக மெத்தென்று இருப்பது ஒன்று, மூன்று புரியாக முறுக்கியது ஒன்று, சடைபோல் பின்னியது ஒன்று. முடிச்சுப் போட்டுச் செய்யும் மக்ரமே வேலைக்கு முதல் இரண்டும் அருமையாக இருக்கும். ஆனால் நம் கையில் இருப்பது கொக்கி வைத்த ஊசி. ஒற்றை இழைக் கயிற்றில் கொக்கி உள்ளே குத்திப் பிரித்துக்கொண்டே வரும், முறுக்கியதில் பின்னப் பின்னப் புரி அவிழும். சடைபோல் பின்னிய கயிறு மட்டும்தான் கொக்கியில் வழுக்கிக்கொண்டு ஒழுங்காக வரும். விலை கொஞ்சம் கூடுதல், பரவாயில்லை, புதிதாகக் கற்கும் கைக்கு அது மிச்சப்படுத்தும் எரிச்சல் அதைவிடப் பெரிது.

50 மீட்டர் வாங்குங்கள். வேலைக்கு முப்பது சொச்சம் மீட்டர்தான் ஆகும், ஆனால் கை தளர்வாகப் பின்னுபவர்களுக்குக் கூடுதலாகப் பிடிக்கும், நடுவில் கயிறு தீர்ந்து முடிச்சுப் போடும் நிலை மட்டும் வரக்கூடாது.

வீட்டில் இருக்கிறதே என்று வேறு எதையாவது எடுக்கலாமா? ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூல் இந்தப் பாரத்துக்கு நீண்டுகொண்டே போகும், இன்று கண் மட்டத்தில் இருக்கும் தொட்டி அடுத்த மாதம் இடுப்பு மட்டத்தில் இருக்கும். சணல் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் கையை அறுக்கும், தூசு உதிரும், ஈரம் பட்டுப்பட்டு சீக்கிரம் உளுத்துப்போகும். கொடிக்கு விற்கும் பளபள பிளாஸ்டிக் கயிறு தண்ணீருக்கு அசையாது, ஆனால் தையல் இறுகாமல் வழுக்கும், மட்டமான சரக்காக இருந்தால் வெயிலில் நொறுங்கவும் செய்யும். மொட்டை மாடியில் மழையிலேயே தொங்க வேண்டுமென்றால் பாலியெஸ்டர் கயிறு சரியான தேர்வு. வீட்டுக்குள்ளும் கூரை உள்ள பால்கனியிலும் பருத்தியே போதும்.

ஊசி 5 மி.மீ. அல்லது 6 மி.மீ. கைப்பிடியில் தட்டையாக இருக்கும் இடத்தில் அளவு பொறித்திருக்கும். கடைக்காரரிடம் வெறுமனே குரோஷா ஊசி என்று கேட்டால் லேஸ் பின்னும் மெல்லிய எஃகு ஊசியை எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம், அதில் இந்தக் கயிறு ஏறவே ஏறாது. எதையும் இறுக்கிப் பிடிக்கும் கை உங்களுடையது என்றால் 6 மி.மீ. எடுங்கள், தளர்வான கைக்கு 5.

இவை தவிர ஒரு கத்தரிக்கோல், ஒரு இஞ்ச் டேப், இரண்டு ஊக்கு, கடைசி நுனியைச் செருக ஒரு கோணி ஊசி, மேலே மாட்ட எஸ் வடிவ இரும்புக் கொக்கி ஒன்று. அவ்வளவுதான்.

நாலு தையல்

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளைப் பார்த்துப் பழகுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தையல்களின் பெயர் அமெரிக்க முறையில் ஒன்று, பிரிட்டிஷ் முறையில் வேறொன்று. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்று சொல்வதை பிரிட்டிஷ்காரர்கள் டபுள் குரோஷே என்பார்கள். இங்கே எல்லாமே அமெரிக்க முறைதான்.

ஊசியைப் பென்சில்போலப் பிடித்தாலும் சரி, கத்திபோலப் பிடித்தாலும் சரி. இடது கையில் கயிறு, சுட்டுவிரல்மேல் ஒரு தரம் போட்டு, சுண்டுவிரலில் லேசாகச் சுற்றிக்கொண்டால் சீராக வரும். இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிச் செய்யுங்கள், எண்ணிக்கை ஒன்றும் மாறாது.

முதலில் கயிற்று நுனியில் ஒரு உருவு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். நுனியை 15 செ.மீ. விட்டுவிடுங்கள். இனி:

செயின்: கயிற்றை ஊசிமேல் ஒரு தரம் போட்டு, கொக்கியால் பிடித்து, ஊசியில் இருக்கும் கண்ணி வழியாக இழுங்கள். ஒரு செயின்.

ஸ்லிப்: ஊசியைத் தையலுக்குள் நுழைத்து, கயிற்றைப் பிடித்து, தையல், ஊசியிலிருக்கும் கண்ணி இரண்டின் வழியாகவும் ஒரே இழுப்பில் எடுங்கள். சுற்றை மூடவும் இடம் நகரவும் மட்டும்தான் இது.

சிங்கிள்: ஊசியை நுழையுங்கள், கயிற்றைப் பிடித்து ஒரு கண்ணியை மேலே இழுங்கள், இப்போது ஊசியில் 2 கண்ணி. மறுபடி கயிற்றைப் போட்டு இரண்டின் வழியாகவும் இழுங்கள்.

டபுள்: முதலில் கயிற்றை ஊசியில் சுற்றிக்கொண்டு அப்புறம் நுழையுங்கள். ஒரு கண்ணியை இழுத்தால் ஊசியில் 3 இருக்கும். கயிற்றைப் போட்டு முதல் 2 வழியாக இழுங்கள், மிச்சம் 2 இருக்கும், மறுபடி போட்டு அந்த 2 வழியாகவும் இழுங்கள்.

இதைப் படித்தால் தலை சுற்றும், கையில் கயிறு இருந்தால் சுற்றாது. நேரே உறிக்குள் குதிக்காமல் ஒரு 15 செயின் போட்டு, அதன்மேல் ஒரு வரி சிங்கிள், ஒரு வரி டபுள் பின்னிப் பாருங்கள். பிரித்துவிடலாம், கயிறு எங்கும் போகாது. தையலின் தலையில் ஆங்கில வி எழுத்தைப் படுக்கவைத்ததுபோல் இரண்டு இழை தெரியும். ஊசி அந்த இரண்டுக்கும் அடியில் நுழைய வேண்டும். ஒரே இழையில் நுழைத்தால் பின்னல் நடுவில் சந்து விழுந்து வலு குறையும். இதைப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடிவட்டம்

5 செயின் போட்டு, கடைசியை முதல் செயினோடு ஸ்லிப் தையலால் சேருங்கள். ஒரு சின்ன வளையம் கிடைக்கும். நடுத்துளையை இழுத்து மூடும் மேஜிக் ரிங் என்ற தொடக்கமுறை தெரிந்தவர்கள் அதைச் செய்ய வேண்டியதில்லை. நடுவில் துளை இருப்பது நமக்கு நல்லதுதான், தொட்டியின் அடியிலிருந்து வடியும் தண்ணீருக்கு வழி.

சுற்று 1: 3 செயின் போடுங்கள். இதை ஒரு டபுளாகக் கணக்கு வையுங்கள். வளையத்துக்குள்ளேயே இன்னும் 11 டபுள். தொடக்கத்தில் விட்ட நுனியை வளையத்தோடு சேர்த்துப் பிடித்து அதன்மேலேயே பின்னிவிட்டால் பிறகு அதைச் செருகும் வேலை மிச்சம். கடைசியில் முதல் 3 செயினின் உச்சியில் ஸ்லிப் போட்டு மூடுங்கள். மொத்தம் 12.

சுற்று 2: 3 செயின், அது கிளம்பிய அதே தையலில் ஒரு டபுள். பிறகு ஒவ்வொரு தையலிலும் 2 டபுள். மூடுங்கள். மொத்தம் 24.

இங்கே நிறுத்தி எண்ணுங்கள். 24 வரவேண்டும், 23-உம் கூடாது 25-உம் கூடாது, ஏனென்றால் அடுத்த சுற்று மூன்று மூன்றாகப் பிரிக்கிறது. பெரும்பாலும் தப்புவது சுற்று முடியும் இடத்தில்தான். ஸ்லிப் தையலையே ஒரு தையல் என்று நினைத்து அதில் இரண்டு டபுளைப் போட்டுவிடுவோம். ஒவ்வொரு சுற்றிலும் முதல் தையலில் ஒரு ஊக்கைக் குத்திவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

வட்டத்தை மேசையில் வைத்துப் பாருங்கள். கிண்ணம்போல் ஓரம் தூக்கிக்கொண்டால் கை ரொம்ப இறுக்கம், பெரிய ஊசிக்கு மாறுங்கள். லேசாகத் தூக்கினால் விட்டுவிடலாம், எப்படியும் மேலே ஏறத்தானே போகிறது. ஓரம் பாவாடைக் கொசுவம்போல் அலை அலையாக வந்தால் எங்கோ தையல் கூடியிருக்கிறது, எண்ணிப் பிரியுங்கள். வட்டம் தொட்டியின் அடியைவிட ஒரு விரற்கடை சின்னதாக இருக்க வேண்டும். ஏறக்குறைய 9 செ.மீ. வந்தால் சரி. பாரம் ஏறினால் பருத்தி விரிந்துகொடுக்கும், இப்போதே சரியளவாக இருந்தால் பிறகு தொளதொளவென்று ஆகிவிடும்.

வலைப்பகுதி

இதுதான் பார்க்க அழகான இடம், வேகமாக ஓடும் இடமும் இதுவே.

சுற்று 3: 1 செயின், அதே தையலில் ஒரு சிங்கிள். பிறகு 6 செயின் போட்டு, 2 தையலை விட்டுவிட்டு, மூன்றாவதில் ஒரு சிங்கிள். இப்படியே சுற்றி வாருங்கள். கடைசி 6 செயினை முதல் சிங்கிளில் ஸ்லிப் போட்டு முடியுங்கள். மொத்தம் 8 வளைவுகள் இருக்கும்.

சுற்று 4: நாம் இப்போது நிற்பது முதல் வளைவின் காலடியில், போக வேண்டியது அதன் உச்சிக்கு. அதனால் முதல் 3 செயினில் ஒவ்வொரு ஸ்லிப் போட்டு நகருங்கள். வளைவுக்குள் ஊசியை விட்டு ஒரு சிங்கிள். 7 செயின், அடுத்த வளைவுக்குள் ஒரு சிங்கிள், இப்படி 8 வளைவு. மூடுங்கள். சிங்கிள் போடும்போது செயினைக் குத்தி நுழைக்க வேண்டாம், வளைவுக்கு அடியில் இருக்கும் காலி இடத்தில் ஊசியை விட்டு வளைவையே வளைத்துப் பிடியுங்கள். வேலையும் சுலபம், பிடிப்பும் அதிகம்.

சுற்று 5: அதேதான், 7-க்குப் பதில் 8 செயின்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டுவது தொட்டி மேலே போகப் போக அகலுகிறது என்பதால். சுற்று முடிந்ததும் ஊசியிலிருக்கும் கண்ணியை ஊக்கில் மாட்டிவைத்துவிட்டு, காலித் தொட்டியை உள்ளே இறக்கிப் பாருங்கள். காகிதத்தில் உள்ள எண்ணைவிட இந்தச் சோதனை முக்கியம், ஏனென்றால் என் கையின் இறுக்கம் வேறு, உங்கள் கையின் இறுக்கம் வேறு. வலை தொட்டியின் உடம்போடு ஒட்டி, கண்ணிகள் சாய்சதுரமாகத் திறந்து நிற்க வேண்டும். தொங்கிச் சுருங்கினால் அந்தச் சுற்றைப் பிரித்து ஒவ்வொரு வளைவிலும் ஒரு செயினைக் குறையுங்கள், தொட்டி ஏறவே மாட்டேன் என்றால் ஒன்று கூட்டுங்கள். ஐந்தாம் சுற்று முடியும்போது வலை தொட்டியின் பாதி உயரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லையென்றால் 8 செயினில் இன்னொரு சுற்று போடுங்கள். பாதிக்குக் கீழேயே, அடுத்து வரும் மேல்பட்டையைக் கட்டினால் செடி வளர்ந்ததும் தொட்டி தலைகுப்புறச் சாயும்.

மேல்பட்டை

சுற்று 6: வளைவுக்குள் ஒரு ஸ்லிப், 1 செயின், பிறகு ஒவ்வொரு வளைவுக்குள்ளும் 6 சிங்கிள். மொத்தம் 48. மூடுங்கள்.

இந்தப் பட்டை தொட்டியின் விளிம்புக்குக் கீழே, இரண்டு மூன்று விரற்கடை தள்ளி, இறுக்கமாக உட்கார வேண்டும். தொட்டியை உள்ளே வைத்து அழுத்தினால் மேலும் இறங்காமல் சிக்கிக்கொள்வதே சரியான அளவு. தொளதொளவென்று இருந்தால் வளைவுக்கு 5 சிங்கிளாகக் குறையுங்கள், மொத்தம் 40 வரும், நாலால் வகுபடும், அதனால் கயிறு வைக்கவும் சிக்கலில்லை.

நாலு கயிறும் வெட்டாமல்

பல குறிப்புகளில் இந்த இடத்தில் கயிற்றை வெட்டிவிட்டு, தனித்தனியாக நாலு கயிறு பின்னி, பட்டையில் கட்டச் சொல்லியிருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. எட்டு நுனி, எட்டு முடிச்சு, அவிழ எட்டு இடம். ஒரே ஓட்டத்தில் பின்னிக்கொண்டே போனால் மொத்த உறிக்கும் தொடக்கத்தில் ஒரு நுனி, முடிவில் ஒரு நுனி, நடுவில் முடிச்சே கிடையாது.

சுற்று 7: 1 செயின். 12 தையலில் ஒவ்வொரு சிங்கிள். இப்போது அங்கிருந்தே 60 செயின் போடுங்கள். ஊசியிலிருந்து எண்ணி 6-ஆவது செயினில் ஒரு ஸ்லிப், நுனியில் ஒரு சின்னக் காது உருவாகும், கொக்கியில் மாட்டப் போவது அதைத்தான். பிறகு மிச்சமிருக்கும் 54 செயினிலும் ஒவ்வொரு சிங்கிள் போட்டுக்கொண்டே கீழே இறங்குங்கள். பட்டைக்கு வந்ததும், கயிறு கிளம்பிய அதே 12-ஆவது தையலில் ஒரு ஸ்லிப் போட்டுப் பூட்டுங்கள். முதல் கயிறு முடிந்தது. அடுத்த 12 சிங்கிள், மறுபடி 60 செயின். இப்படி நாலு தரம். கடைசிக் கயிறு பூட்டியதும் சுற்றின் முதல் சிங்கிளில் ஒரு ஸ்லிப். பட்டை 40 தையல் என்றால் 12-க்குப் பதில் 10.

செயினை மட்டும் போட்டுவிட்டு மேலே சிங்கிள் போடாமல் விடலாமே என்று தோன்றும், வேலையும் பாதியாகும். விடாதீர்கள். வெறும் செயின் பாரத்தில் ரப்பர்போல் நீளும், மேலே சிங்கிள் ஏறியதும் அந்த நீட்சி பெரும்பாலும் அடங்கிவிடும்.

இந்த 54-ஐப் பின்னும்போது செயின் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு பத்துத் தையலுக்கும் ஒரு முறை கீழ்ப்பகுதியை விரலால் நீவி நேராக்கிக்கொள்ளுங்கள். முடிந்தபின் கயிறு லேசாகத் திருகித் தெரிந்தால் கவலைப்படாதீர்கள், தொங்கவிட்டதும் சரியாகும். ஆனால் எண்ணிக்கையில் தளர்ச்சி கூடாது. ஒன்றில் 54, இன்னொன்றில் 51 என்று வந்தால் தொட்டி சாய்ந்தே தொங்கும், தண்ணீர் ஒரு பக்கமாகவே ஓடும். இருபதாவது, நாற்பதாவது செயினில் ஊக்குக் குத்திக்கொண்டால் எண்ணிக்கை தவறாது. யாராவது நடுவில் கூப்பிட்டாலும் எழுந்து போய்விட்டு வரலாம்.

கயிற்றை 20 செ.மீ. விட்டு வெட்டி, கடைசிக் கண்ணி வழியாக இழுத்து இறுக்குங்கள். மிச்ச நுனியைக் கோணி ஊசியில் கோத்து, பட்டையின் உள்பக்கமாக ஒரு திசையில் ஏழெட்டுத் தையல் ஓட்டி, அப்புறம் திரும்பி எதிர்த்திசையிலும் அதே மாதிரி ஓட்டுங்கள். ஒரே திசையில் செருகினால் நாளடைவில் நழுவி வெளியே வரும். ஒட்டவைக்கிறேன் என்று பசை பக்கம் போகவேண்டாம், ஈரத்தில் நிற்காது.

செடிக்கு முன் அரிசி

செடியை வைப்பதற்கு முன் ஒரு சோதனை. தொட்டி ஈரத்தோடு எத்தனை கிலோ என்று பார்த்தீர்கள் அல்லவா, அதைப்போல் இரண்டு மடங்கு பாரத்தை உறியில் ஏற்றுங்கள். துணிப்பையில் அரிசி கட்டிப் போடலாம், காலித் தொட்டிக்குள் தண்ணீர் பாட்டில்களை நிறுத்தலாம், ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோ என்று கணக்கு. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், எங்காவது உறுதியான கம்பியில், ஒரு ராத்திரி முழுக்கத் தொங்கட்டும். மாட்டியதும் ஒரு தரம் தரையிலிருந்து அடிவட்டம் வரை அளந்துவிடுங்கள், காலையில் இன்னொரு தரம் அளந்துவிடுங்கள். இரண்டு மூன்று செ.மீ. இறங்கியிருந்தால் அது பருத்தியின் சுபாவம், அதோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஒரு கயிறு மட்டும் தனியாக நீண்டிருந்தால் அதில் தையல் விட்டுப்போயிருக்கிறது, அந்தக் கயிற்றைக் கண்ணால் தடவிப் பாருங்கள், எங்கோ ஒரு சிங்கிள் ஒற்றை இழையில் மாட்டியிருக்கும்.

எங்கே மாட்டுவது

பெரும்பாலும் விழுவது உறியோடு கொக்கியும் சேர்ந்துதான். பழைய வீடுகளில் ஊஞ்சலுக்கோ தூளிக்கோ உத்தரத்தில் போட்ட இரும்பு வளையம் இருக்கும். அதைவிட நம்பகமான இடம் கிடையாது, துரு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து சன்னல் கிரில், பால்கனியின் குறுக்குக் கம்பி. இவை போதும், சுவரைத் துளைக்க வேண்டியதே இல்லை.

கான்கிரீட் கூரையில்தான் மாட்டியாக வேண்டும் என்றால், துளைபோட்டு பிளாஸ்டிக் பிளக் செருகி அதில் ஆணிக் கொக்கியைத் திருகும் வழக்கமான முறை இங்கே உதவாது. சுவரில் அது நிற்கும், ஏனென்றால் பாரம் பக்கவாட்டில் விழுகிறது. கூரையில் நேர் கீழே இழுப்பதால் மெல்ல உருவிக்கொண்டு வந்துவிடும். துளைக்குள் விரிந்து பிடிக்கும் இரும்பு ஆங்கர் கொக்கியை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். ஜிப்சம் பலகையில் போட்ட பொய்க்கூரையில் நேராகத் தொங்கவிடவே கூடாது. மின்விசிறிக்குப் பக்கத்திலும் வேண்டாம், காற்றில் உறி ஓயாமல் ஆடி, காது கொக்கியில் உரசி உரசித் தேயும். தொட்டில் குழந்தையின் தலைக்கு மேல், டிவிக்கு மேல் வேண்டாம் என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்.

நாலு காதையும் எஸ் கொக்கியின் கீழ் வளைவில் மாட்டி, மேல் வளைவைக் கம்பியில் போடுங்கள். கீழ் வளைவின் வாயைக் குறடால் கொஞ்சம் நெருக்கிவிட்டால் தூக்கி இறக்கும்போது காது நழுவாது.

தண்ணீர் விடுவது

பருத்தி உறிக்கு எமன் ஈரம். தொங்கும்போதே குவளையால் ஊற்றினால் அடிவட்டம் நாள் முழுக்க நனைந்தே கிடந்து, முதலில் பழுப்பாகி, பிறகு கறுப்புப் பூஞ்சை பிடித்து, கடைசியில் விரலால் இழுத்தாலே இற்றுவிடும். தொட்டியை மட்டும் வெளியே தூக்கி, குளியலறையில் வைத்துத் தண்ணீர் விட்டு, சொட்டுவது நின்றபிறகு திருப்பி வையுங்கள். நாலு கயிறுக்கு நடுவே தொட்டியைத் தூக்கி எடுக்க இடம் இருக்கிறது, கொடி ரொம்பப் படர்ந்துவிட்டால்தான் கஷ்டம். அந்த நிலைக்கு வந்துவிட்டால், துளையில்லாத ஒரு வெளித்தொட்டியை உறியில் வைத்து அதற்குள் செடித்தொட்டியை வைத்துவிடுங்கள். ஆனால் அதில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு தடவையாவது கொட்டியே ஆக வேண்டும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் தாராளம்.

அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கசக்காமல் அமுக்கி எடுத்து, காலித் தொட்டிமேல் மாட்டி நிழலில் காயவைக்கலாம். அடர் நிறக் கயிறு வாங்கியிருந்தால் முதல் முறை சாயம் போகும், வெள்ளைத் துணியோடு சேர்க்காதீர்கள். அவ்வப்போது அடிவட்டத்தையும் காதுகளையும் விரலால் அழுத்திப் பாருங்கள். இழை பிசிறுவிட்டு மெலிந்திருந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டாமல் புதிதாகப் பின்னிவிடுங்கள், இரண்டாவது உறி முதலாவதில் பாதி நேரத்தில் முடியும்.

வேறு அளவுத் தொட்டிக்கு

4 அங்குலத் தொட்டியென்றால் முதல் சுற்று அதே 12 டபுள். இரண்டாவது சுற்றில் ஒரு தையலில் 1, அடுத்ததில் 2 என்று மாற்றி மாற்றிப் போட்டால் 18. அதில் 6 வளைவுகள் வரும், முதல் வலைச் சுற்றுக்கு 5 செயின், இரண்டாவதற்கு 6, அதோடு போதும். பட்டையில் வளைவுக்கு 5 சிங்கிள், மொத்தம் 30, பத்துப் பத்தாகப் பிரித்து மூன்று கயிறு.

8 அங்குலத்துக்கு அடிவட்டத்தில் இன்னொரு சுற்று சேர்த்து 36 ஆக்கினால் 12 வளைவு கிடைக்கும், பட்டையில் வளைவுக்கு 5 சிங்கிள், மொத்தம் 60, ஒவ்வொரு 15-க்கும் ஒரு கயிறு. ஆனால் அந்தத் தொட்டி ஈரத்தோடு சுலபமாக 5 கிலோவைத் தொடும். 3 மி.மீ. கயிற்றில் அதை முயல வேண்டாம், 5 மி.மீ. கயிறும் 8 மி.மீ. ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு தடித்தால் தையலும் பெரிதாகும் என்பதால் மேலே சொன்ன 36 தையல் அப்போது அதிகமாகிவிடக்கூடும், 24-லேயே வட்டத்தைத் தொட்டியின் அடியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.